பாதரசம் போகாத களிம்பு

எங்கள் களிம்பில் இப்போது பாதரசம் இல்லை. இந்த வரியை எழுதுவதற்கு முன் வீட்டில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பதிவு எண் இருக்கிறது. தேதி இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை குறைவுதான். முப்பது வருடம் அந்தப் பட்டறையில் இருந்தவனுக்கு அந்தச் சந்தேகம் போகாது.

நான் வேலையை விட்ட அன்று, இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். ஒருவன் கேட்டான்: "அங்கிள், மெர்க்குரியக் கையாலயே அரைச்சீங்களாமே, பயமா இல்லையா?" இல்லை என்றேன். உண்மை. அரைத்த காலத்தில் பயம் இல்லை. அதை எடுத்துப் போட்ட பிறகுதான் பயம் வந்தது. அவனுக்கு நின்று சொல்ல அன்றைக்கு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. முதலாளி தோட்டத்தை விற்றபோது கிள்ளான் நகரத்துக்கு வந்து ஒரு சித்த வைத்தியரின் மருந்துப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருடம் டப்பா கழுவினேன். அடுத்த வருடம் மெழுகு உருக்கினேன். அதற்கு அடுத்த வருடம் கல்வத்தில் உட்கார வைத்தார்கள். நான் படித்தது அவ்வளவுதான்.

கல்வம் என்பது மருந்து அரைக்கும் கல். படகு மாதிரி இருக்கும். அதில் பாதரசமும் கந்தகமும் போட்டு அரைக்க வேண்டும். நாங்கள் பாதரசத்தை ரசம் என்போம். ரசம் சாக வேண்டும் என்பார் ஐயா, எங்கள் வைத்தியர். அதாவது வெள்ளி மணி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் மை மாதிரிக் கறுப்பாக ஆக வேண்டும். ஒரு நாளில் ஆகாது. முதல் நாள் மணி மணியாக ஓடும். இரண்டாம் நாள் சாம்பல் நிறம் வரும். மூன்றாம் நாள் கறுக்கும். கறுத்த பிறகும் அரைக்க வேண்டும்.

முடிந்தது என்று சொன்னால் ஐயா மாடியில் இருந்து இறங்கி வருவார். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துத் தேய்ப்பார். வெளியே காக்கி லீமாவுக்கு, அதாவது கடை முன் நடைபாதையின் ஓரத்துக்குப் போய் வெயிலில் நகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு புள்ளி மின்னினாலும் நகத்தை என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். நான் மறுபடி உட்காருவேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. "மெழுகு எத்தனை கட்டி போட்டே?" மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் தலையாட்டுவார். ஒரு சொல் மாறினாலும் அந்த மாதம் முழுக்க நம்மைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. என் மனைவி இன்றைக்கும் திட்டுகிறாள்.

செத்த ரசத்தை, மிருதார்சிங்கி என்ற ஈயச் சரக்கு போட்டுக் காய்ச்சிய எண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்தால் களிம்பு. படர்தாமரை, சொறி, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் அதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஐயாவின் கடையில் விற்போம். கறுப்பு மருந்து என்று கேட்டு வாங்குவார்கள்.

உறை வைப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி எங்கள் களிம்புக்கும் உறை உண்டு. ஐயாவின் அப்பா காலத்து வழக்கம். சாமி படத்துக்குக் கீழே சின்னப் பீங்கான் ஜாடி ஒன்று இருக்கும். அதில் பழைய களிம்பு இருக்கும். புதிதாகக் காய்ச்சும் நாளில் நான்தான் முதலில் போய்க் கதவைத் திறப்பேன். கால் கழுவி, விளக்கேற்றி, ஜாடியில் பாதியைக் கரண்டியில் எடுத்துக் காலிச் சட்டியில் போடுவேன். அதன் மேல்தான் மற்றதெல்லாம். களிம்பு ஆறியதும் புதியதில் ஒரு கரண்டி எடுத்து ஜாடியை நிரப்பி வைப்பேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

அந்த வருடங்களில் எனக்கு ஈறில் ரத்தம் வந்தது. கை நடுங்கியது. ஐயா மோர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். நடுக்கம் இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பிறகு ஒரு பெண்ணின் விஷயம் நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வழக்கமாக வாங்குகிறவர். நிறைய பேர் படர்தாமரைக்கு வாங்கியதை அவர் முகம் வெளுக்க வேண்டும் என்று தினமும் பூசியிருக்கிறார். கால் வீங்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தது. என்ன பூசினாய் என்று கேட்டதற்கு எங்கள் டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் அவர் கணவர். பிழைத்துக்கொண்டார். ஆனால் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். இருந்த ரசத்தையும் மிருதார்சிங்கியையும் காய்ச்சி வைத்திருந்த களிம்பையும் எடுத்துப்போனார்கள். அலமாரி, பரண், கழிவறை எல்லாம் பார்த்தார்கள். சாமி படத்துப் பக்கம் வந்தபோது ஒரு அதிகாரி சப்பாத்து போட்டிருந்ததால் தூரத்தில் நின்று பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பினார்.

ரசமோ ஈயமோ இல்லாமல் களிம்பு செய்து, பரிசோதனையில் தேறினால் மறுபடி விற்கலாம் என்றார்கள். இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டும். நாங்கள் ஆறு பேர் அதை நம்பி இருந்தோம்.

ஐயா இரண்டு வாரம் மாடியை விட்டு இறங்கவில்லை. இறங்கி வந்தபோது கையில் ஒரு கிளை இருந்தது. சீமையகத்தி. மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். சாக்கடை ஓரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கும். படர்தாமரைக்கு அவர்கள் அதைத்தான் தேய்ப்பார்கள். "ரசத்துக்குப் பதில் இது. மிருதார்சிங்கிக்குப் பதில் சிங்க் பவுடர்" என்றார். நான் நம்பவில்லை. சாக்கடைச் செடி ரசத்தின் வேலையைச் செய்யுமா? ஆனாலும் டெங்கில் பக்கம் போய் லோரியில் இலை ஏற்றி வந்தேன்.

என்னைவிட அதிகம் நம்பாதவள் சரசு. சரக்கு நிறுத்துக் கொடுப்பவள். இருபது வருடமாகத் தராசு அவள் கையில். சரக்கு அலமாரிச் சாவியும் அவள் இடுப்பில். வாய் அதிகம். புதுக் களிம்பு பச்சையும் மஞ்சளுமாக வந்தபோது விரலில் தொட்டு என் கன்னத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இது மருந்து இல்லண்ணே, கல்யாணப் பொண்ணுக்கு நலுங்கு. நல்லா இருக்குலா உங்களுக்கு."

ஐயா மட்டும் பழையபடி ஒரு சிட்டிகையை நகத்தில் வைத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். இதில் ரசமே இல்லையே, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "இல்லாததத்தான் பாக்குறேன்" என்றார்.

பரிசோதனைக்கு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கூடத்துக்குக் கொடுத்தோம். தாள் வந்தது. பாதரசம் இருக்கிறது என்றது.

நாங்கள் முதலில் அந்தக் கூடத்தைத்தான் சந்தேகப்பட்டோம். அடுத்து சட்டியை. ஐயா புதுச் சட்டி வாங்கினார். கல்வத்தை எடுத்துக் கட்டி வைத்தார். மெழுகு கொடுப்பவரை மாற்றினார். மறுபடி காய்ச்சினோம். மறுபடி தாள் வந்தது. பாதரசம் இருக்கிறது.

இனி சந்தேகப்பட ஆள்தான் பாக்கி.

ஐயா ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்டார். என்னையும் கேட்டார். கடைசித் தடவை, கிளம்பும் நேரத்தில், நான் ஒன்று சொன்னேன். சரசு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்ததை நான் பார்த்திருந்தேன். என்னைக் கண்டதும் பையை மூடினாள். அதைச் சொன்னேன். அவள் பழைய மருந்துதான் மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பழைய ரசத்தில் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கலாம், கலக்கவும் கலந்திருக்கலாம் என்றும் சொன்னேன். குப்பியை நான் பார்த்தது நிஜம். மற்றது என் ஊகம். இரண்டையும் ஒரே குரலில் சொன்னேன்.

மறுநாள் ஐயா சரசுவிடம் சாவியைக் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சாவியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள். தட்டு இறங்கி நின்றது.

"இருபது வருசத்துக்கு இவ்ளோதான் வெயிட்டாண்ணே?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். செமினியில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாவது தடவை காய்ச்சினோம். இலையை நானே நிறுத்தேன். சாவி ஐயாவிடம். கலக்கும் அறைக்குள் என்னைத் தவிர யாரும் வரவில்லை. தாளை வாங்கி வர நானே பெட்டாலிங் ஜெயா போனேன். மறுபடியும் பாதரசம். ஆனால் எண் குறைந்திருந்தது. நல்ல வேளை, சரசு போனதும் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பழைய கறை ஏதோ மிச்சம், அடுத்த தடவை போய்விடும்.

கூடத்தில் தாள் கொடுப்பவர் ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயது. எல்லோரும் மிஸ் என்பார்கள். மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். "அங்கிள், இங்க பாருங்க. இது முதல் தடவை. ரெண்டாவது அதுல பாதி. இப்ப இது அதுலயும் பாதி. ஒரு ஆள் வேணும்னே போட்டா இப்படிக் குறையாது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது தானா கழுவிக்கிட்டு வருது."

இரண்டாவது தாள் வந்தபோது சரசு பட்டறையில்தான் இருந்தாள். அப்போதே பாதியாகியிருந்தது. அது எனக்கு அங்கேதான் உறைத்தது.

"கதவத் தொறந்ததுல இருந்து என்ன செய்வீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் மிஸ்.

சொன்னேன். பூட்டைத் திறப்பேன். கால் கழுவுவேன். விளக்கேற்றுவேன். உறை வைப்பேன். இலைச் சாற்றை...

"உறைன்னா என்ன அங்கிள்?"

சாமி படத்துக்குக் கீழே இருக்கும் ஜாடி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஜாடியில் இருந்தது பழைய கறுப்பு மருந்து. ரசம் போட்டது. ஒவ்வொரு தடவையும் அதில் பாதியைப் புதிய சட்டியில் என் கையால் போட்டிருக்கிறேன். குறைந்ததற்குப் புதியதை ஊற்றி நிரப்பியிருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பாதி. களிம்பில் ஒரு மங்கல் இருந்தது. இலையின் நிறம் என்று நினைத்தோம். சரக்குப் பட்டியலில் உறை கிடையாது. தராசில் அது ஏறியதில்லை. எனக்கு அது சரக்கே இல்லை. விளக்கேற்றுவது மாதிரி. யார் என்ன போட்டார்கள் என்று ஊரையே சந்தேகப்பட்டேன். நான் என்ன போட்டேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினேன். நிற்க இடம் இருந்தது, உட்கார இல்லை. ஒரு யோசனை வந்தது. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் நாலாவது தாள் சுத்தமாக வரும். சரசு போனாள், ரசமும் போனது என்று எல்லோரும் சொல்வார்கள். மிஸ் தாளில் எண்ணைத்தான் எழுதுவார், உறையை எழுத மாட்டார். பட்டறையும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஷா ஆலாம் தாண்டும் வரை யோசித்தேன்.

இறங்கி நேரே மாடிக்குப் போனேன். ஜாடியை ஐயாவின் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் கேட்டார்: "நீயா போட்டே?" நான்தான் என்றேன். ஜாடியைத் திறந்து பார்த்தார். "நீயா போட்டே?" நான்தான். எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூன்றாவது தடவை கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை.

"எங்க அப்பா ஜாடி" என்றார். "உறை வைக்கிறதுக்கு அவருக்குச் சட்டியக் கழுவிக் குடுத்தவன் நான். எனக்குமே ஞாபகம் வரல."

சரசுவிடம் தான் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். குப்பி விஷயத்தைச் சொன்னது நான்.

காஜாங் போய் அங்கிருந்து பஸ் பிடித்து செமினி போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய இணைவீடு. கேட்டுக்கு உள்ளே சரசு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பூட்டைத் திறக்கவில்லை.

"என்னண்ணே, எங்க வீட்டு அலமாரியையும் சோதிக்கணுமா?"

கேட்டுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, கரண்டி, தாள், ஐயாவிடம் நான் சொன்னது. அதில் எது பார்த்தது, எது ஊகம் என்றும் சொன்னேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே போடவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை. பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் குப்பி. கேட் கம்பி வழியாக நீட்டினாள்.

உள்ளே இருந்தது பழைய மருந்து இல்லை. மஞ்சளும் பச்சையுமான புதுக் களிம்பு.

"பேத்திக்குத் தொடையில படர்தாமரை. கறுப்பு மருந்த கைக்குழந்தைக்குப் போட எனக்கே பயம். இதுல ரசம் இல்லைன்னு சொன்னீங்களேன்னு எடுத்தேன். தாள் வந்தப்போ கூடம்தான் தப்புன்னு எல்லாரும் சொன்னோம். உங்ககிட்ட கேட்டிருக்கலாம். நலுங்கு நலுங்குன்னு அவ்ளோ கிண்டல் பண்ணிட்டு எப்படிலா கேக்குறது?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. நான் சொன்னதை அவள் மனது அப்போதுதான் சேர்த்துப் பார்த்தது.

"அண்ணே. இது எந்தத் தடவை காய்ச்சினது?"

"முதல் தடவை."

"அதுலதான் ரசம் கூடுதலா இருந்துச்சா?"

"ஆமாம்."

கேட்டைத் திறந்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்சி பிடித்து கிளினிக் போனோம். டாக்டரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை நாள், எவ்வளவு இடம், என்ன களிம்பு என்று கேட்டார். சரசு சொன்னாள். அதில் ரசம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். குழந்தை ஊசிக்கு அழுதது. ஒரு வாரத்தில் தெரியும் என்றார்கள்.

அந்த வாரம் நான் வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கினேனா என்று நினைவில்லை. சரசு தினமும் ஒரு தடவை போன் செய்தாள். குழந்தை பால் குடித்தது, வெளிக்குப் போனது என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். என்னைக் கேட்க வைக்காமல் அவளே சொன்னாள். அது எனக்குத் தண்டனையா இரக்கமா என்று இன்றைக்கும் தெரியாது.

பயப்படும் அளவு இல்லை என்று வந்தது. பூசிய இடம் சின்னது, நாளும் குறைவு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தத் தாளை சரசு எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் இருக்கிறது.

ஜாடியை ஐயா மூடி ஒட்டி, நச்சுக் கழிவு எடுக்க வருகிறவர்களிடம் தன் கையால் கொடுத்தார். நாலாவது தடவை உறை இல்லாமல் காய்ச்சினோம். மங்கல் இல்லாமல் வந்தது. தாளும் சுத்தமாக வந்தது. சாக்கடைச் செடி ரசத்தின் வேலையைச் செய்கிறதா என்றால், மெதுவாகச் செய்கிறது. மூன்று நாளில் போன படர்தாமரை போக இப்போது மூன்று வாரம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் சிலர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி ஐயா நேரில் போய்க் கேட்டபோது சரசு ஒரு நிபந்தனை போட்டாள். சட்டிக்குள் போவது எதுவானாலும், தண்ணீராக இருந்தாலும், அவள் தராசில் ஏறி, அவள் எழுதிய பிறகுதான் போக வேண்டும். ஐயா சரி என்றார்.

வேலைக்கு வந்த முதல் நாள் காலையில், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே காக்கி லீமாவில் நின்றாள். கால் கழுவினேன். விளக்கேற்றினேன். ஜாடி இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு சட்டியிடம் போனேன். வழியில் நின்றாள்.

"கரண்டியக் காட்டுங்கண்ணே."

கவிழ்த்துக் காட்டினேன். அடியையும் திருப்பிப் பார்த்துவிட்டு வழி விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் காட்டினேன். நாலு வருடம். புதுப் பிள்ளைகள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

நான் வேலையை விட்ட கடைசி நாளும் கேட்டாள். காட்டினேன்.